எங்கள் வீட்டுப் படாக் செட்டி

சென்ற மாதம் ஒன்பது நாட்கள் எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில், வந்தவர்கள் அமர இடமில்லாமற் போயிற்று. அந்தமானில், போர்ட் பிளேரின் அபர்டீன் பஜார் மணிக்கூண்டைத் தாண்டி, ஜவுளிக் கடைகளும் பாத்திரக் கடைகளும் ஓய்கிற இடத்தில் செங்குத்தாக மேலேறும் சந்து ஒன்றில் இருக்கிறது எங்கள் வீடு. காய்கறிப் பையும் மீன் பையுமாக அந்த மேட்டில் ஏறி வருகிறவர்கள், எங்கள் தாழ்வாரத்தில் கிடக்கும் செட்டி என்ற நீண்ட மர ஆசனத்தில் ஒரு நாழிகை அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு போவது என் தாயார் காலம் முதற்கொண்டே நடந்துவருகிற சம்பிரதாயம். அந்தச் செட்டியின் பிரம்புப் பின்னல் நடுவில் அறுந்து தொங்கிவிட்டபடியால், புதிதாகப் பின்னுவதற்காகப் பழைய நாரை அறுத்து நீக்கி, வெறும் சட்டமும் காலுமாகச் சுத்தம் செய்து ஒதுக்கி வைத்திருந்தோம். அதற்குப் பதிலாக நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டு நான் எவ்வளவோ உபசரித்தும், ஒருவராவது அவற்றில் நிலைத்து உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "செட்டி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்கள்.

அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. பஜாரில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைந்து கண்ணாடி முகப்புகள் எழும்பிவிட்டன. அப்படியிருக்க, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் கிடக்கிற ஒரு மர ஆசனத்தின் மேல் இத்தனை பேருக்கு உரிமையும் பற்றும் உண்டாகிவிட்டதன் காரணம் என்னவென்று நிதானமாக யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றிற்று.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்காலி என்பது நம் சொல். நான்கு கால்களையுடையது என்று தானே பொருள் சொல்லிக்கொள்கிறது. விசுப்பலகையும் நம்முடையதே. மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்த காலத்தில் நம் வீட்டுக்குள் புகுந்த சொற்கள். இலங்கைத் தமிழர் நாற்காலிக்கு வழங்குகிற 'கதிரை' என்ற சொல்லும் அப்படி வந்ததே. செட்டியோ ஆங்கிலேயர் கொண்டுவந்த பெயர். பழைய ஆங்கிலத்தில் ஆசனத்துக்கு 'செட்ல்' என்றொரு சொல் இருந்தது. உயர்ந்த முதுகுப் பலகையும் பக்கக் கைகளும் உள்ள நீண்ட மரப்பெஞ்சுக்கு அது பெயராகி, பிற்காலத்தில் இலேசான, அழகான ஒரு வடிவம் தோன்றியபோது 'செட்டி' என்று குறுகிற்று என்பர். யாழ்ப்பாணத்தில் இதையே 'செற்றி' என்று எழுதியும் சொல்லியும் வருகிறார்கள். எங்கள் தெருவில் இருக்கிற மலையாளிகளும் அப்படியே உச்சரிக்கிறார்கள். 1921-ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பிறகு இத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் குடியேறிய கிராமங்களுக்கு மஞ்சேரி என்றும், கள்ளிக்கோட்டை என்றும், திரூர் என்றும் ஊர்ப்பெயர்கள் வழங்குவதைப் போலவே, இந்தச் சொல்லும் இங்கே வேரூன்றிவிட்டது.

செட்டி வேறு, சோபா வேறு. இன்றைக்கு எல்லாவற்றையும் சோபா செட் என்ற ஒரே பெயருக்குள் அடைத்துவிடுகிறோம். சோபாவில் மனிதர் அமிழ்வர், செட்டியில் அமர்வர். சோபாவின் ஆழம் இரண்டடிக்குக் குறையாது. சாய்ந்தால் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டும். செட்டியின் ஆழம் பதினெட்டு அங்குலத்துக்கும் இருபதுக்கும் இடையிலும், உயரம் தரையிலிருந்து பதினாறு பதினேழு அங்குலத்திலும் அமைந்திருக்கும்; முதுகு சற்றே சாய்ந்திருக்குமேயொழியப் படுக்கை ஆகிவிடாது. அதில் அமர்ந்தவர் எதிரே இருப்பவரின் முகம் பார்த்துப் பேச முடியும். முழங்கால் வலியுள்ள முதியவர் பிறர் கை பிடிக்காமல் எழுந்துகொள்ள முடியும். நாற்காலியோடு ஒப்பிட்டால் இதன் தனிச்சிறப்பு இன்னும் தெளிவாகும். நாற்காலி ஒருவருக்கென்று அளந்து செய்யப்பட்டது. அதில் அமர்ந்தவர் எவராயினும் தனியர். செட்டியில் இருவர் இருக்கையில் மூன்றாமவர் வந்தால், இருவரும் சற்று நகர்ந்து இடம் விடவேண்டியிருக்கிறது. அந்தச் சிறு நகர்தலில், எழுந்து நின்று கைகூப்புகிற மரியாதையைக் காட்டிலும் நெருக்கமான ஓர் உபசாரம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றியிருக்கிறது.

எங்கள் செட்டி 1972-ஆம் ஆண்டு செய்யப்பட்டது. தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து மூன்று நாள் கப்பல் பிரயாணம் செய்து எங்களைப் பார்க்க வருவதாகத் தாத்தா கடிதம் எழுதியிருந்தார். தரையில் சம்மணமிட்டு அமர அவரால் இயலாது என்பது அப்பாவுக்குத் தெரியும். வீட்டில் அப்போது இருந்தது ஒரு மடக்கு நாற்காலியும் இரண்டு பாய்களுமே. ஆகவே அப்பா, அரசாங்க அலுவலகத்துச் சிறு சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, சாத்தம் ஆலையிலிருந்து படாக் மரத்தின் அறுத்த துண்டுகளை வாங்கிவந்து, பஜாருக்குப் பின்புறம் தொழில் செய்துகொண்டிருந்த ஒரு மிஸ்திரியிடம் ஒப்படைத்தார். இங்கே ஆசாரியை மிஸ்திரி என்றே எல்லா மொழிக்காரர்களும் அழைப்பார்கள்.

சாத்தம் என்பது போர்ட் பிளேரின் ஓரத்தில் ஒரு சிறு பாலத்தால் இணைக்கப்பட்டிருக்கிற குட்டித் தீவு. 1883-ஆம் ஆண்டில் இத்தீவுகளுக்கென்று வனத்துறை ஏற்பட்டபோதே அங்கே மர அறுவை ஆலையையும் நிறுவினார்கள். ஆசியாவிலுள்ள மிகப் பழைய, மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றென்று அதைச் சொல்வதுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கே விழுந்த குண்டு தோண்டிய பள்ளத்தை இன்றும் வேலி கட்டிப் பாதுகாத்துக் காட்டுகிறார்கள். சிறுவனாயிருந்தபோது அப்பாவோடு அங்கே போய், பட்டை ரம்பம் ஓடுகையில் படாக் மரத்திலிருந்து பறக்கிற தூள் குங்குமத்தைப் போல் தொழிலாளரின் புருவத்திலும் முன்கையிலும் படிந்திருந்ததைக் கண்ட காட்சி எனக்கு இப்போதும் மறக்கவில்லை.

படாக் இத்தீவுகளுக்கே உரிய மரம். அந்தமானின் அடையாள மரமாக அறிவிக்கப்பட்டிருப்பதும் அதுவே. நாம் அறியாத ஏதோ ஓர் அந்நிய மரமென்று எண்ணிவிட வேண்டாம். டெரோகார்ப்பஸ் என்று தாவர சாஸ்திரிகள் அழைக்கிற பேரினத்தில் நம் குறிஞ்சி நிலத்து வேங்கையும் உண்டு, ஆந்திரத்துச் செம்மரமும் உண்டு, இந்தப் படாக்கும் உண்டு. பூப்பறிக்கிற பெண்கள் "புலி, புலி" என்று கூவுவதாகச் சங்கப் புலவர்கள் பாடிவைத்த அந்த வேங்கையின் மஞ்சள் மலருக்கும், எங்கள் காட்டுச் சரிவுகளில் பூத்துச் சொரிகிற படாக்கின் மஞ்சள் மலருக்கும் சாயல் ஒன்றாகவே இருக்கும். தாயகத்தை விட்டுக் கடல் கடந்து வந்த தமிழனுக்கு அவனுடைய மலைநாட்டு மரத்தின் உறவினன் இங்கே முன்னமேயே காத்திருந்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அந்த மரத்தின் கதையில் துக்கமும் கலந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் காடுகளில் மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் தண்டனைக் கைதிகள். அவர்கள் வியர்வையில் விழுந்த படாக், அமெரிக்காவில் 'வெர்மிலியன்' என்ற பெயரோடு விலைபோய், புல்மன் ரயில் பெட்டிகளின் உட்புறத்தை அலங்கரித்தது. கட்டைகளை இழுப்பதற்கென்று பெருநிலத்திலிருந்து யானைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அவ்வாறே வந்து, தீவுக்குத் தீவு நீந்தப் பழகி, பிற்காலத்தில் உலகெங்கும் புகைப்படத்தில் அறியப்பட்ட ராஜன் என்ற யானை 2016-ஆம் ஆண்டில்தான் இறந்தது. ஆகவே எங்கள் வீட்டுச் செட்டியின் கைப்பிடியைத் தடவுகிற போதெல்லாம், அதில் எத்தனை பேருடைய கட்டாய உழைப்பின் சரித்திரம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணமும் எனக்குக் கூடவே வரும்.

மிஸ்திரி அதைச் செய்து முடிக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. துளையும் கழுந்துமாகச் செதுக்கி இணைத்து, மூட்டுக்கு மூட்டு மரமுளை இறக்கினார். முன்காலைக் கடைசல் பிடித்தார். பின்காலையும் முதுகுத் தூணையும் ஒரே கட்டையில் வளைவாக அறுத்தெடுத்தார். அமரும் பகுதியின் உட்புற நீளம் ஐந்தடி. அத்தனை நீளத்துக்கு முன்சட்டமும் பின்சட்டமும் பாரத்தில் உள்வாங்கிவிடாமல் இருக்க, நடுவில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் கொடுத்தார். அவை அமருகிறவர் தொடையில் இடிக்காதபடி, தோணியின் அடிப்பாகம் போல் அவற்றைக் குழிவாகச் செதுக்கிவைத்தார். செட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய அந்தக் குழிவில் அவர் இழைத்திருக்கிற நேர்த்தியை, ஐம்பது ஆண்டு கழித்துச் சென்ற மாதந்தான் நான் முதன்முதலாகக் கண்டேன். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் நேரில் போய் நமஸ்கரித்திருப்பேன்.

தாத்தா வந்தார். புதுச் செட்டியின் நடுவில் அமர்ந்து, இரு பக்கமும் கையால் தட்டிப் பார்த்து, எங்களையெல்லாம் பக்கத்துக்கொருவராக அமரச் சொல்லிவிட்டு, அப்பாவிடம், "இதுக்கு என்ன பேரு வேணாலும் வச்சுக்கடா, இது நம்ம வீட்டுத் திண்ணைதான்" என்றார்.

அந்த வார்த்தையின் அருமை எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று. அந்தமானில் திண்ணை கிடையாது. மலைச்சரிவில் தூண் நிறுத்திப் பலகை பரப்பித் தகரக் கூரை வேய்ந்த வீடுகளுக்குத் திண்ணை கட்டுவது எவ்வாறு? வழிப்போக்கன் அனுமதி கேளாமல் அமரத்தக்க ஓர் இடம், வீட்டுக்குள்ளும் சேராமல் தெருவிலும் சேராமல் நடுவில் நிற்கிற ஓர் இடம், தமிழ்க் குடும்பத்துக்கு இல்லாமற்போனால் அதன் பாதி வாழ்க்கை அடைபட்டுப்போகும். அந்தக் குறையை முன்தாழ்வாரத்தில் போட்ட மரச்செட்டி தீர்த்துவைத்தது. பிற்காலத்தில், சோபா என்ற சொல்லின் மூலத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அது அராபியரின் 'சுஃபா' என்ற சொல்லிலிருந்து வந்ததென்றும், அதற்கு உயர்த்திக் கட்டிய மேடை என்று பொருளென்றும் கண்டு, எழுத்தறிவு அதிகமில்லாத என் தாத்தாவின் தீர்ப்பு எத்தனை சரியானதென்று வியந்து போனேன்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளின் ஜனத்தொகை ஏறத்தாழ 3,80,000. அதில் நூற்றுக்கு 15 பேர் அளவில் தமிழர். வங்காளிகளும், தெலுங்கரும், மலையாளிகளும், ராஞ்சியிலிருந்து வந்தவர்களும், கைதிகளின் வழிவந்து 'லோக்கல் பார்ன்' என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களும் சேர்ந்து வாழ்கிற இவ்வூரில், வீட்டுக்கு ஒரு மொழியும் தெருவுக்கு இந்துஸ்தானியும் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் செட்டியில் ஒரே மாலையில் துர்க்கா பூஜை வசூலுக்கு வந்த வங்காளப் பெரியவரும், கோயில் பால்குடக் கணக்கு எழுத வந்த எங்கள் தமிழர் சங்கத்துச் செயலாளரும் தோளோடு தோள் உரச அமர்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, மழையால் கப்பல் தாமதமாவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியதை நான் கண்டிருக்கிறேன். தனித்தனி நாற்காலிகளில் அமர்ந்திருந்தால் வசூலும் கணக்கும் முடிந்தவுடனே இருவரும் எழுந்து போயிருப்பார்கள்.

பெண்களுக்கும் இந்த ஆசனம் ஓர் உபகாரம் செய்தது. பழைய வீடுகளில் சாய்வு நாற்காலி ஆண்மகனுடையது. பெண் நிலைப்படியிலோ தரையிலோ இருப்பாள். அந்தக் காலத்து ஸ்டூடியோப் புகைப்படங்களில் கணவன் நாற்காலியில் அமர்ந்திருக்க மனைவி பக்கத்தில் நிற்கிறதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1972-க்கு முன் அப்பாவும் அம்மாவும் எடுத்துக்கொண்ட ஒரே படமும் அவ்வாறானதே. செட்டி வந்த பிறகு எடுத்த படத்தில் இருவரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள்; அம்மாவின் கை கைப்பிடியின் மேல் உரிமையோடு படிந்திருக்கிறது. இருவருக்குச் சமமான ஒரு பீடத்தை வீட்டில் போட்டுவிட்டால், அங்கே ஒருவரை நிற்கச் சொல்லுவதற்கு வாய் கூசும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூமி அதிர்ந்தபோது, தாழ்வாரத்துப் பலகைகளெல்லாம் பல்லைக் கடிப்பது போல் ஒலித்தன. செட்டி சுவரை விட்டு ஒரு முழம் நகர்ந்து நின்றது. அதன் பிறகு வந்த கடலைப் பற்றி எழுத எனக்குத் திராணியில்லை. நிகோபார்த் தீவுகளிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் ஜனங்கள் வந்திறங்கிய அந்த நாட்களில், கச்சால் தீவிலிருந்து ஒரு மூதாட்டியை எங்களுக்குத் தெரிந்தவர் அழைத்துவந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் தாயகம் திரும்பியவர்களோடு கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டு, இரண்டு முறை ஊரை இழந்தவர். உள்ளே கட்டிலில் படுத்துக்கொள்ளும்படி அம்மா எவ்வளவோ வற்புறுத்தினாள். "உள்ளுக்கு வேணாம் தங்கச்சி. இந்தச் செட்டியே போதும். இங்கன இருந்தா ஓடலாம்" என்று சொல்லிவிட்டு, கால்களை மடக்கிக்கொண்டு அதிலேயே பத்தொன்பது இரவுகள் படுத்திருந்தார். சிறிய அதிர்வு வந்தாலும் எழுந்து உட்கார்ந்து, கைப்பிடியை இரு கையாலும் இறுகப் பற்றிக்கொள்வார். வலப்பக்கத்துக் கைப்பிடியின் நுனியை இன்று தடவினாலும் எனக்கு அவர் விரல்கள் நினைவுக்கு வருகின்றன.

இத்தனை இருந்தும், நானே ஒரு சமயம் அதை ஒதுக்கிவைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து வருஷங்களுக்கு முன்பு, மகளின் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னிலையில் பழைய மரச்சாமான் கௌரவமாக இராதென்று வீட்டில் அபிப்பிராயம் எழுந்து, ஒரு கடையில் ரெக்சின் உறையும் நுரை மெத்தையும் கொண்ட சோபா செட் ஒன்றை வாங்கி நடுக்கூடத்தில் போட்டோம். மே மாதத்தில் தொடங்கினால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிற ஊர் இது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் நுரைக்குள் ஈரம் ஏறி, தையல் ஓரங்களில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் படர்ந்து, கூடம் முழுவதும் ஒரு புழுங்கின நாற்றம் பரவிவிட்டது. உறையைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே சட்டம் என்று இருந்தது சவுக்குத் துண்டும் பெட்டிப் பலகையுமே. கடைக்காரரிடம் சொன்னதற்கு, அது வெயில் காட்டாத குற்றம் என்று பதில் வந்தது. எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் வெயிலை நான் எங்கே போய் வாங்குவேன்? வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு இரைப்பு வந்தபோது மருத்துவர் முதலில் அந்தச் சோபாவை அப்புறப்படுத்தச் சொன்னார். அப்புறப்படுத்திவிட்டு, பின்புறக் கொட்டகையில் கிடந்த படாக் செட்டியை மறுபடியும் முன்னால் கொண்டுவந்தோம்.

பிரம்பின் பெருமையை அன்றுதான் உணர்ந்தேன். கண் கண்ணாகப் பின்னிய பரப்பில் காற்று கீழிருந்து மேலே ஓடுகிறது, ஈரம் தங்குவதில்லை, மூட்டைப்பூச்சி ஒளிய இடமில்லை. இதைக் கண்டு சொன்னவர்கள் நாம் மட்டுமல்ல. 1660-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் கீழ்த்திசைப் பிரம்பு லண்டன் போய்ச் சேர்ந்து, பிரம்பு பின்னிய நாற்காலியும் செட்டியும் அங்கே பெருவழக்கானபோது, தங்கள் பிழைப்புப் போகிறதென்று கம்பளித் துணிக்காரர்கள் அதைத் தடுக்கும்படி விண்ணப்பித்தார்கள். பிரம்பு ஆசனம் செய்பவர்கள் அதற்குச் சொன்ன சமாதானம் இது: உறுதியானது, இலேசானது, தூசியும் புழுவும் அந்துப்பூச்சியும் அண்டாதது. குளிர் நாட்டிலேயே இந்த நியாயம் செல்லுபடியாயிற்றென்றால், கடல் காற்றும் கார்கால ஈரமும் சுவரைக் கசிய வைக்கிற நம் தீவில் அதற்கு மறுப்பேது?

சென்ற மாதம் பின்ன வந்தவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். சிறுவயதில் கண்பார்வை இழந்து, அங்கே ஒரு பார்வையற்றோர் பள்ளியில் நாற்காலி பின்னும் தொழிலைக் கற்றவர். நம் நாட்டில் இந்தத் தொழிலைப் பார்வையற்றோர் பள்ளிகள்தாம் பல தலைமுறையாகப் பேணிவந்திருக்கின்றன. அரசாங்க அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளை எத்தனையோ காலம் அவர்களே புதுப்பித்து வந்திருக்கிறார்கள். இங்கே தம் தங்கை வீட்டுக்கு வந்திருந்த அவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். சென்னையிலிருந்து நார்ச்சுருள் வரும்வரை காத்திருந்து, வந்த மறுநாளே தாழ்வாரத்தில் பாய் விரித்து அமர்ந்துவிட்டார்.

முன்சட்டத்தில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக 120 துளைகள். ஒவ்வொன்றிலும் அடைந்திருந்த பழைய முளையையும் அழுக்கையும் கம்பியால் குத்தித் தள்ளுவதிலேயே முதல் நாள் போயிற்று. பிறகு நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி, முன்சட்டத்திலிருந்து பின்சட்டத்துக்கு நெடுக்கிழைகளை ஓட்டினார். அதன் மேல் குறுக்கிழை. அதற்கும் மேல் இரண்டாம் நெடுக்கிழை, முதலாவதற்குச் சற்றே வலப்புறமாக. நாலாவது ஓட்டத்தில்தான் பின்னலே தொடங்குகிறது: இரண்டாம் குறுக்கிழை ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக நுழைந்து நுழைந்து, நான்கு இழைகளையும் சதுரம் சதுரமாகப் பூட்டிவிடுகிறது. அப்புறம் மூலைக்கு மூலை சாய்வாக ஓர் ஓட்டம், அதற்கு எதிர்ச்சாய்வாக மற்றோர் ஓட்டம். அப்போது சதுரக் கண்கள் கண்ணெதிரே எட்டுமூலைக் கண்களாக மாறுகின்றன. கடைசியில் துளைகளை மறைத்து ஓரம் சுற்றிக் கட்டுநார். அத்தனையையும் அவர் விரல் நுனியாலேயே எண்ணிச் செய்தார். தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, ஏழு வரிசைக்கு முன்னால் தப்பிய ஓர் இழையைக் கண்டுபிடித்து, அவ்வளவையும் பிரித்துவிட்டு மறுபடி பின்னினார். நார் தளர்வாக இருப்பதுபோல் எனக்குப் பட்டதால் இன்னும் இழுத்துக் கட்டலாமே என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. இப்பமே இறுக்கினா காயும்போது அறுந்து போகும். ஈர நாருக்கு எடம் விடணும். காஞ்சா அதுவே இறுகிக்கிடும்" என்றார்.

இரண்டு நாள் காய்ந்த பிறகு சுண்டிப் பார்த்தேன். மேளத்தோல் போல் கணீரென்றது.

படாக் மரத்தை இனி நினைத்தபோது வாங்கலாம் என்ற நிலை இல்லை. இத்தீவுக் காடுகளைப் பற்றிய சேகர் சிங் கமிஷனின் அறிக்கையைப் பரிசீலித்து, கோதவர்மன் வனப் பாதுகாப்பு வழக்கில் 2002-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், இத்தீவுகளின் இயற்கைக் காட்டு மரங்களைத் தீவுவாசிகளின் நியாயமான சொந்தத் தேவைக்கன்றி வெட்டலாகாது என்று ஆயிற்று. பிளைவுட் ஆலைகள் மூடிக்கொண்டன. சாத்தம் ஆலையின் வேலையும் சுருங்கிற்று. பலருக்குப் பிழைப்புப் போயிற்றென்பது உண்மை. இருந்தும் அந்த உத்தரவு சரியானதென்றே நான் கருதுகிறேன். காடு போனால் இந்தத் தீவுகளின் குடிதண்ணீரும் போய்விடும். வெட்டக்கூடாது என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்கு, முன்னமே வெட்டிச் செய்த சாமானைக் காப்பாற்றுகிற கடமையும் சேர்ந்தே வருகிறது. ஆனால் பஜாரில் பழைய சாமான் எடுப்பவர்களின் தள்ளுவண்டியில், பிரம்பு கிழிந்த ஒரே குற்றத்துக்காக, கால் மேலாகக் கவிழ்ந்து கிடக்கிற படாக் செட்டிகளை மாதத்துக்கு ஒன்றிரண்டாவது காண்கிறேன். போன வாரம் பார்த்ததை விறகு விலைக்குக் கொடுத்திருந்தார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால், கொடுப்பதற்கு முன்பு தயவுசெய்து அதைக் கவிழ்த்து, கால் சேருகிற மூட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். மூட்டு ஆடவில்லையென்றால் செட்டிக்கு ஒரு கேடும் இல்லை. அறுந்திருப்பது நார் மட்டுமே. பெருநிலத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்காமல் கப்பலில் ஏற்ற முடியாதென்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னுகிறவர் இன்னும் இரண்டு மாதம் தங்கை வீட்டில்தான் இருப்பார். வேலை கொடுக்க எண்ணுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நானே அழைத்துப் போகிறேன். மேடு ஏறி வந்த களைப்புத் தீர அமர்ந்துகொள்ள, செட்டி மறுபடியும் தாழ்வாரத்தில் அதன் இடத்தில் கிடக்கிறது.